பொழுதுபோக்குச் சாதனங்களின் கதை – 9: சிவப்பு விசை

கிராமபோனையும் ரேடியோவையும் கடந்து வந்திருக்கிறோம். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அவை பாடும், பேசும். நாம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எச்.எம்.வி. எதைத் தட்டில் பதித்ததோ அதுதான் பாட்டு. விவித பாரதி என்றைக்குப் போட்டதோ அன்றைக்குத்தான் பாட்டு. நேயர் விருப்பத்துக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடலாம். அதற்கு மேல் கேட்பவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது.

டேப்ரிக்கார்டரில் ஒரு விசை கூடுதலாக இருந்தது. பெரும்பாலான கருவிகளில் அதற்குச் சிவப்பு நிறம், அல்லது அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதையும் 'பிளே' விசையையும் சேர்த்து அமுக்கினால் கருவி நம்மைக் கேட்க ஆரம்பித்துவிடும். கேசட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாட்டு விற்பனையையும் திருட்டுப் பதிவையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தச் சிவப்பு விசையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. என் கணக்கில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாடாவில் ஒலியைப் பதிவது கேசட்டோடு தொடங்கியதல்ல. ஸ்பூல் டேப்ரிக்கார்டர்கள் முன்பே இருந்தன. ஆனால் அவை பெட்டி கனம். சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நாடாவைக் கையால் கோக்க வேண்டும். வானொலி நிலையத்திலும், வசதியான சில வீடுகளிலும், கச்சேரிப் பைத்தியம் பிடித்த சில வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டிலும் இருந்தன. இதைச் சட்டைப்பைக்குள் அடக்க முடியுமா என்று யோசித்தவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். முதலில் ஒரு மரத்துண்டை வெட்டித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுப் பார்த்தாராம். பைக்குள் அது எவ்வளவு அடங்கியதோ அதுதான் கருவியின் அளவு என்று முடிவாயிற்று. பிறகு ஒரு நாள் காரின் சக்கரம் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக்கொடுக்க அந்த மரத்துண்டையே வைத்துவிட்டார் என்றும், அத்தோடு அது தொலைந்தது என்றும் சொல்வார்கள். அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய பொருள்!

1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் கேசட்டை வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜப்பானின் சோனி நெருக்கிப் பேசியதில், காப்புரிமைத் தொகை வாங்காமலே மற்ற நிறுவனங்களும் அதே அளவில் கேசட் செய்துகொள்ள பிலிப்ஸ் சம்மதித்தது. ஹாங்காங்கில் செய்த கேசட் ஜெர்மன் கருவியில் ஓடியதும், டெல்லியில் செய்தது சிங்கப்பூர்க் கருவியில் ஓடியதும் இந்தச் சம்மதத்தால்தான்.

உள்ளே இருந்தது 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசியிருந்தது இரும்பு ஆக்ஸைடு. வெளிப்படையாகச் சொன்னால் துருவின் உறவுக்காரன். அந்தப் பழுப்பு நிறம் அதனால் வந்ததுதான். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நாடா ஓடும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடம் வேண்டுமென்றால் நாடா நீளமாக வேண்டும், அதே டப்பாவுக்குள் அடங்க மெல்லியதாகவும் ஆக வேண்டும். அதனால்தான் '90' எளிதில் உருளையில் சுற்றிக்கொண்டது. "சிக்ஸ்டியே வாங்கிக்கங்க சார், சிக்காது" என்று கடைக்காரர் சொன்னதில் பொறியியல் இருந்தது.

இந்தியாவுக்குள் இது கடை வழியாக வருவதற்கு முன்பே பெட்டி வழியாக வந்துவிட்டது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போனார்கள். விடுப்பில் திரும்பியவர் இறக்கிய பெட்டிக்குள் சென்ட்டு, லுங்கி, டார்ச்லைட்டோடு ஒரு நேஷனல் பானாசோனிக்கும் இருந்தது. ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருந்ததால் அதற்கு 'டூ-இன்-ஒன்' என்று பெயர். சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்களும் கொண்டுவந்தார்கள். போய்வர வழியில்லாதவர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் இருந்தது.

இன்னொரு பக்கம் தட்டுத் தொழில் ஒரே கையில் கிடந்தது. எச்.எம்.வி. என்று நாம் சொல்லும் கிராமபோன் கம்பெனி 1908-லேயே கல்கத்தாவில் தட்டு அச்சிடத் தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதற்குப் போட்டியென்று சொல்லப் பெரிதாக யாரும் இல்லை. தட்டு அச்சிட ஆலை வேண்டும். கேசட்டைப் பிரதி எடுக்க நாலைந்து டெக்கும் ஒரு அறையும் போதும். கம்பெனிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்குவதற்குள் சந்தை கைமாறிவிட்டது. டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்திலிருந்து வந்த குல்ஷன் குமார், டி-சீரிஸ் என்ற பெயரில் மலிவுக் கேசட்டுகளை இறக்கினார். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், ஒரு பாட்டு வெளிவந்து இரண்டு ஆண்டு கழித்து வேறு குரலில் பாடிப் பதிவுசெய்ய வழி இருந்தது. எச்.எம்.வி.யின் பழைய இந்திப் பாடல்களைப் புதுக்குரலில் பாடவைத்து அவர் விற்றார். 1984-இல் சட்டத்தைத் திருத்தித் திருட்டுப் பதிவுக்குச் சிறைத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அதனால் எத்தனை தெருவோரக் கடை மூடியது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். இந்த வட இந்தியக் கதையை பீட்டர் மானுவல் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 1993-இல் ஒரு தடித்த புத்தகமாகவே எழுதிவிட்டார். ஆகவே நாம் நம் பக்கம் திரும்பலாம்.

நம் பக்கத்தில் கேசட்டும் இளையராஜாவும் ஒன்றாக வளர்ந்தார்கள். 'அன்னக்கிளி' வந்தது 1976. அடுத்த பத்து ஆண்டுகளில் டேப்ரிக்கார்டர் பணக்கார வீட்டிலிருந்து டீக்கடைக்கு இறங்கியது. ஆண்டுக்கு எத்தனையோ படங்களுக்கு அவர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்ததும் அதே காலம். எக்கோ என்ற பெயரில் அவர் பாடல்கள் தட்டாகவும் கேசட்டாகவும் வந்தன. 'பயணங்கள் முடிவதில்லை' 1982, 'உதய கீதம்', 'இதயக் கோவில்' இரண்டும் 1985. இந்தப் படங்களில் மைக்கைப் பிடித்துப் பாடியே மோகனுக்கு 'மைக் மோகன்' என்று பெயர் வந்தது. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பாட்டு ஊரை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தில் யார் யாருக்கு எந்த உரிமையை எழுதிக் கொடுத்தார்கள் என்ற சண்டை, பல ஆண்டு கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எழுதிக் கொடுத்த நாளில் பாட்டுக்கு இவ்வளவு ஆயுசு என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் கேட்டது கம்பெனிக் கேசட்டை அல்ல. ரெக்கார்டிங் சென்டர் கேசட்டை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்துக்குப் பத்துக் கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், இரண்டு மூன்று டெக், ஒரு தட்டு சுழலும் கருவி. சுவர் முழுக்க எல்.பி. தட்டுகளின் உறைகள். மேஜையில் படவாரியாகப் பாட்டெழுதி எண் போட்ட நோட்டுப் புத்தகம். வாடிக்கையாளர் ஒரு வெள்ளைத்தாளில் தனக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். காலிக் கேசட்டை அங்கேயே வாங்கலாம், கையோடும் கொண்டுவரலாம். நாலு நாள், ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். தீபாவளி, பொங்கல் சமயம் என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

கடைக்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. முப்பது நிமிடத்துக்குள் ஆறு பாட்டு, நெருக்கினால் ஏழு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்குக் கெட்ட பெயர். ஆகவே மிச்ச நிமிடத்துக்குப் பொருந்துகிற சின்னப் பாட்டு ஒன்றைத் தேடிப் போடுவார். ஒரே ராகச் சாயலில் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தால், எழுதிக் கொடுத்த வரிசையை மாற்றி வைக்கும் ரசிகர்களும் அந்தத் தொழிலில் இருந்தார்கள். "நீங்க எழுதினதுல ரெண்டு பாட்டு சுமார்ண்ணே, அதுக்குப் பதிலா இதைப் போட்டிருக்கேன், கேட்டுப் பாருங்க" என்று சொல்வார்கள். அநேகமாக அது நல்ல பாட்டாகத்தான் இருக்கும். பிறகு ஸ்கெட்ச் பேனாவால் அட்டையில் முத்து முத்தாக எழுதித் தருவார்கள்: எஸ்.பி.பி. தனிப்பாடல், ஜேசுதாஸ் சோகம், டி.எம்.எஸ். தத்துவம். 'காதல் தோல்வி' என்றே தலைப்பிட்ட கேசட்டுகளுக்குத் தனிக் கிராக்கி இருந்தது.

சட்டப்படி பார்த்தால் இது அப்பட்டமான மீறல். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் இதிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அதை மூடி மறைத்து ரெக்கார்டிங் சென்டரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் கம்பெனி விற்றது ஒரு படத்தின் ஐந்து பாட்டு. ஜனங்கள் கேட்டது ஐந்து படத்தின் ஒவ்வொரு பாட்டு. இந்த வேறுபாட்டைக் கம்பெனிகள் 'ஹிட்ஸ்' தொகுப்புகளாகப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் தனக்கென்று ஒரு பாட்டு வரிசை வைத்துக்கொள்ளும் பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ரேடியோ இருந்தது. டூ-இன்-ஒன்னில் ரேடியோவிலிருந்து நேராக நாடாவுக்குப் பதியலாம். நடுவில் மைக் வேண்டாம், சமையலறைச் சத்தம் நுழையாது. இலங்கை வானொலி தெளிவாக விழுந்த தென்மாவட்டங்களில் விரலைச் சிவப்பு விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் ஏராளம். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவோ பி.எச். அப்துல் ஹமீதோ பேசி முடித்ததும் அமுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் அவர்கள் குரலின் வால் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டவற்றை இன்று அந்தக் குரலுக்காகவே வைத்திருக்கிறவர்கள் உண்டு.

பாட்டில்லாத கேசட்டும் விற்றது. 1984-இல் வந்த 'விதி' படத்தின் கதை வசனம் அதற்குச் சாட்சி. ஆரூர்தாஸ் எழுதிய நீதிமன்றக் காட்சியில் சுஜாதாவும் ஜெய்சங்கரும் வழக்காடுவதைத் தமிழ்நாடு வாதம் வாதமாக மனப்பாடம் செய்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், தாலி கட்டி முடிந்த கையோடு, ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கை ஊருக்கே போட்டுக் காட்டினார்கள். யாருக்கும் அது பொருத்தமில்லாததாகத் தோன்றவில்லை என்பது இப்போது நினைத்தால் விந்தைதான். எஸ்.வி. சேகரின் நாடகங்கள், வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவு, புலவர் கீரனின் கதாகாலட்சேபம், பட்டிமன்றம், மேடைப் பேச்சு எல்லாம் இதே வழியில் வீட்டுக்கு வந்தன.

மைக்செட்டுக்காரர்களின் வாழ்க்கையையும் இது மாற்றியது. பழைய தட்டு மூன்று நிமிடத்தில் முடியும். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கேசட்டைப் போட்டுவிட்டால் அரை மணி நேரம் தூங்கலாம். ஆடி மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு ஊரை எழுப்பியதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், கேசட்டின் நீளம் இன்னொரு காரணம். தூக்கம் கெட்டவர்கள் இரண்டில் எதைத் திட்டுவது?

இனி சிவப்பு விசையின் சொந்த வேலைக்கு வருவோம்.

கீழக்கரையிலிருந்தோ, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ துபாய்க்கும் சவூதிக்கும் போனவருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது கடிதம். எழுதத் தெரியாத அம்மா, பள்ளிக்கூடம் போகும் பேரனிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். பேரன் தனக்குத் தெரிந்த தமிழில் அவள் சொன்னதில் பாதியை எழுதுவான். வெளிநாட்டு டெலிபோன், நிமிடத்துக்கு நிமிடம் காசைத் தின்கிற விஷயம். இந்த இடத்தில்தான் கேசட் கடிதமாக மாறியது. விடுப்பு முடிந்து திரும்பும் யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் போதும்.

அறுபது நிமிடத்தில் எல்லோருக்கும் முறை உண்டு. "வாப்பா, நல்லா இருக்கீங்களா? எனக்கு ரிமோட் கார் வேணும்" என்று பிள்ளை. கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சியைப் பற்றி அம்மா. வாங்கிய மனையின் பத்திரம் பற்றி மாமா. நடுவில் கோழி கூவும், யாரோ வாசலில் கூப்பிடுவார்கள், பாங்கு ஒலிக்கும். அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் இதைக் கேட்டவருக்கு அம்மாவின் புத்திமதியைவிட அந்தக் கோழிச் சத்தம் அதிகம் உறுத்தியிருக்கும். எழுதத் தெரியாத ஒரு தலைமுறைப் பெண்கள் இடையில் ஆளில்லாமல் தங்கள் சொந்தப் பேச்சில் சேதி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

ஆனால் இதில் ஒருத்திக்கு மட்டும் வழியில்லை. மனைவிக்கு. மாமியார் நாத்தனார் சுற்றியிருக்க டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து "மச்சான், உடம்பைப் பார்த்துக்குங்க" என்பதற்கு மேல் என்ன பேச முடியும்? மூடி ஒட்டிய கடிதத்தில் இருந்த தனிமை கேசட்டில் கிடையாது. அங்கிருந்து வரும் பதிலும் கூடத்தில் வைத்து எல்லோருக்கும் நடுவில்தான் ஓடும். எழுதப் படிக்கத் தெரிந்த மனைவிகள் கேசட்டோடு கூடவே கடிதமும் எழுதியதன் காரணம் இதுதான்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே பெட்டி வேறு வாழ்க்கை வாழ்ந்தது. 1990-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கொழும்பு விதித்த தடைப்பட்டியலில் பேட்டரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோவும் கேசட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் பி.பி.சி. தமிழோசைச் செய்தியைக் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டின் சுதி இறங்கும்.

பெரிய கம்பெனி தொடாத குரல்களுக்கும் இது வழி விட்டது. கீழவெண்மணிக் கொடுமையின் நெருப்பில் இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' எந்த வானொலியின் நேயர் விருப்பத்திலும் வந்திருக்காது. மேடைகளிலும், கையிலிருந்து கைக்கு மாறிய கேசட்டுகளிலும் அது ஊர் ஊராகப் போயிற்று. வயல்வெளிப் பாட்டைப் புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்கள் கேசட் கடைக்குக் கொண்டுவந்ததும் இக்காலத்தில்தான். உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ஈரான். 1978-இல் பாரிசுக்கு அருகில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அயத்துல்லா கொமேனி பேசிய பேச்சு, கேசட்டுகளில் பிரதியாகி டெஹ்ரான் கடைவீதிக்குப் போனது. மன்னரின் ரேடியோவும் டெலிவிஷனும் அதைத் தடுக்க முடியவில்லை. சிவப்பு விசைக்கு நல்லது கெட்டது தெரியாது. வசை, வதந்தி, சாதிப் பெருமை எல்லாவற்றையும் அது ஒரே மாதிரிதான் பதிந்துகொண்டது.

கர்நாடக சங்கீத மாணவர்களுக்குக் கேசட் இரண்டாவது குருவானது. ஒரு சங்கதியைப் பத்துத் தடவை திருப்பிப் போடச் சொன்னால் குருவுக்குக் கோபம் வரும், கருவிக்கு வராது. பின்னால் சுற்றி, மறுபடி போட்டு, பாட்டை அப்படியே பிடித்தார்கள். ஒரே பிருகாவை ஒரே இடத்தில் பாடும் நகல்களும் அதனால் பெருகின என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டது முழுக்கப் பொறாமை அல்ல.

இத்தனைக்கும் ஒலி நன்றாக இருந்ததா என்றால், இல்லை. 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் எப்போதும் அடியில் ஓடும். பிரதியின் பிரதியில் பாடகி ஜலதோஷத்தோடு பாடுவாள். கோடையில் பேருந்தின் டேஷ்போர்டில் கிடந்த கேசட் வளைந்துபோகும். பென்சிலைக் கேசட்டின் பல்சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றிய நாட்களை இனிமையாக நினைவுகூர்பவர்கள், நாடா அறுந்து செலோடேப் ஒட்டிய நாட்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

விசை பறிபோனதும் இந்தக் கேசட் காலத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. 1979 ஜூலை 1 அன்று சோனி வாக்மேனை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்திரிகையாளர்களுக்காகச் செய்த சின்ன டேப்ரிக்கார்டரை எடுத்து, அதிலிருந்த பதிவு வசதியை நீக்கி, காதொலிப்பானைச் சேர்த்ததுதான் வாக்மேன். பதிவுசெய்ய முடியாத டேப்பை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்ற கவலையும் இருந்தது. அதனால் முதல் கருவியில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் பாட்டைத் தணிக்கும் பொத்தானும் உண்டு. அடுத்தடுத்த மாடல்களில் இந்தப் பொத்தானும் காணாமல் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. தனியாகக் கேட்கவே ஜனங்கள் விரும்பினார்கள். நம் ஊருக்கு வாக்மேன் கொஞ்சம் தாமதமாக, கல்லூரி மாணவர்களின் இடுப்பில் தொங்கிக்கொண்டு வந்தது. ஊருக்கே ஒலித்த பாட்டு ஒரு காதுக்குள் புகுந்துகொண்டது அப்போதிருந்துதான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சி.டி. வந்தது, தெளிவாகப் பாடியது, நம்மைக் கேட்கவில்லை. 2000 வாக்கில் எம்.பி.3 தட்டு வந்து, ஒரே தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டைத் திணித்தது. ரெக்கார்டிங் சென்டரின் கடைசி வாரிசு செல்போன் கடை. 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற பலகை கொஞ்ச காலம் தொங்கியது. ஆனால் அங்கே யாரும் தாளில் பாட்டு எழுதிக் கொடுக்கவில்லை. "எல்லாத்தையும் ஏத்திடுங்க" என்றார்கள். 2010-இல் சோனி, ஜப்பான் சந்தைக்கு கேசட் வாக்மேன் செய்வதை நிறுத்தியது. ஓட்டன்ஸ் 2021-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

சிவப்பு விசை இப்போது செல்போன் திரையில் மைக் படமாகத் திரும்பி வந்திருக்கிறது. துபாயில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் போகிறது. மனைவிக்குத் தனியாகவே ஒரு போன் இருக்கிறது. அந்தக் குறை தீர்ந்தது நல்ல விஷயம். பரண்மேல் கிடக்கும் கேசட்டுகளில் சினிமாப் பாட்டு இருப்பவற்றைத் தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை. அவை எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. மேல் அட்டையில் ஒன்றும் எழுதாமல், அல்லது 'அம்மா' என்று மட்டும் எழுதிக் கிடப்பதைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாடாவின் பூச்சு ஈரத்தில் உதிரும், பூஞ்சை பிடிக்கும். ஓட்டுவதற்கு முன் கருவியின் 'ஹெட்'டைத் துடைத்துக்கொள்ளுங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறிப்போய்ச் சிவப்பு விசையை அமுக்கினாலும் குரல் அழியாது.

படத்தையும் ஒலியையும் ஒன்றாகப் பதிந்த அகலமான நாடாவின் கதை இதற்குச் சமகாலத்தில் தனியாக நடந்தது. ஒரு ராத்திரிக்கு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர்கள் அதில் வரும். தியேட்டர்காரர்கள் கலங்கி, தமிழ்நாடு அரசு வீடியோவில் படம் காட்டுவதற்கென்றே 1984-இல் தனிச்சட்டம் கொண்டுவந்ததும் வரும். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.